நாகையிலிருந்து ஐந்து கிலோ இறால்: ஒரு சந்தேகப் பேர்வழியின் பயணம்

தஞ்சாவூரில் மீன் கிடைக்காதா, எண்பத்தைந்து கிலோமீட்டர் போய் இறால் வாங்கி வரவேண்டுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்கும். ஆனால் நான் நம்பமாட்டேன். இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியார் வேலை. அதில் பாதி நேரம் தேர்வு அறையில் மேற்பார்வை. எவன் சட்டைக் கையில் என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. மீன்கடைக்குப் போனாலும் அதே கண்தான் கூட வரும்.

போன பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பயணம். அன்று மாலை ஐந்தரைக்கு அப்பாவின் ஆண்டு நினைவுப் பூசை. அது முடிந்ததும் எங்கள் வீட்டில் இருபத்திரண்டு பேருக்குச் சாப்பாடு. மூன்று வருடமாக அந்தச் சாப்பாட்டில் ஓர் ஐட்டம் நிலைத்துவிட்டது: வேகவைத்த இறாலும் தொட்டுக்கொள்ள ஒரு சாறும். என் தம்பி செல்வராஜின் மனைவி மெர்லின் கொண்டுவந்த பழக்கம். தம்பி சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டு வியட்நாம்காரப் பெண்ணிடம் கற்றுக்கொண்டாளாம். மசாலா கிடையாது, எண்ணெய் கிடையாது. தலையும் ஓடுமாக அப்படியே உப்புத் தண்ணீரில் வேகவைத்து, உரித்து, பச்சை மிளகாய்-பூண்டு-எலுமிச்சைச் சாற்றில் தொட்டுத் தின்ன வேண்டியது. முதல் வருடம் என் அக்கா ஜெசிந்தா, "என்னடி இது, சட்டை போடாத ஆள் மாதிரி இருக்கு" என்று கேலி செய்தாள். அன்று அதிகம் தின்றதும் அவள்தான்.

போன வருடம் வந்தது வினை. இறால் சாப்பிட்டவர்களில் பதினோரு பேருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அக்காவுக்கு மறுநாள் குளுக்கோஸ் ஏற்றவேண்டியதாகிவிட்டது. நாகையிலிருந்து அந்த இறாலை வாங்கி வந்தவன் நான். சமைத்தவள் மெர்லின். நான் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "நாலு நிமிஷம் வெந்நீர்ல போட்டு எடுத்தா இறால் வேகுமா? வெளிநாட்டுப் பகுமானம் எல்லாம் நம்ம வயித்துக்கு ஆகுமா?" அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தம்பி குடும்பம் திருவாரூரில்தான் இருக்கிறது; ஒன்றரை மணி நேரப் பயணம். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. இந்த வருடம், "பூசைக்கு வர்றோம்ணே, சாப்பாட்டுக்கு இருக்கமாட்டோம்" என்று தம்பி போனில் சொல்லிவிட்டான்.

எனக்கு அது சுட்டது. ஆனால் என் பக்கம் தப்பில்லை என்று நிரூபித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கணக்கு வாத்தியார் புத்தி. அதே துறைமுகம், அதே வியாபாரி, அதே இறால், அதே ஒயர் கூடை. மாற்றப்போவது ஒன்றை மட்டும்தான்: வேகும் நேரம். நானே பத்து நிமிடம் வேகவைப்பேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பு எங்கே என்று தானே தெரிந்துவிடும். என் மனைவி ரீத்தா இந்தத் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "இதுல ஜெயிச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் ஏதோ உள்நோக்கம் இருப்பதாகப் பட்டதால் நான் கூடையைத் தேடப் போய்விட்டேன்.

தஞ்சை புதிய பேருந்து நிலையத்தில் காலை 4.20-க்கு நாகைப் பேருந்து. டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால், "மீதி இறங்கும்போது வாங்கிக்கங்க" என்று நடத்துநர் டிக்கெட்டின் பின்னால் இருபத்தைந்து என்று கிறுக்கிக் கொடுத்தார். இந்த வசனத்தை நம்பி எத்தனை பேர் சில்லறையை விட்டிருப்பார்கள்! நான் நீடாமங்கலத்தில் ஒருமுறை, கொரடாச்சேரியில் ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். திருவாரூரில் அவரே வந்து கையில் திணித்துவிட்டு, "நிம்மதியாத் தூங்குங்க சார்" என்றார். நான் தூங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என் ஒயர் கூடையை இரண்டு தடவை பார்த்திருந்தார்.

கீழ்வேளூர் தாண்டும்போது விடிந்தது. சம்பா அறுவடை நேரம். பாதி வயலில் தாள்தான் நிற்கிறது, பாதியில் இன்னும் கதிர். சாலையின் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, பறக்காமல் இருக்கக் கல் வைத்திருந்தார்கள். பேருந்து அந்த இடங்களில் ஊர்ந்துதான் போகும். இரவில் பைக்கில் வருபவர்கள் இந்தக் கல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகையில் இறங்கும்போது மணி 6.55. துறைமுகம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார். ஏறியதும் தொடங்கிவிட்டார்.

"வேளாங்கண்ணி போகலையா சார்?"

"இல்லீங்க. ஏன் கேக்குறீங்க?"

"கழுத்துல ஜெபமாலை தெரியுது. அதான்."

ஜெபமாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர் சவாரிக்கு அடி போடுகிறார், வேறென்ன. ஆனால் அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் நாகை வரை வந்துவிட்டு மாதாவைப் பார்க்காமல் திரும்புவது வழக்கமே இல்லை. கல்யாணத்துக்கு வந்தாலும் சரி, கோர்ட்டுக்கு வந்தாலும் சரி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் பேருந்து ஏறுவோம். போன வருடமும் இறால் வாங்கிய கையோடு போய்விட்டுத்தான் வந்தேன். இந்த வருடமும் போவதாகத்தான் இருந்தேன். அதை அவரிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

துறைமுகத்தில் ஏலம் முடியும் நேரம். படகிலிருந்து இறங்கும் சரக்கைக் கூடை கூடையாக ஏலத்தில் எடுத்து, அங்கேயே ஓரமாக உட்கார்ந்து பெண்கள் சில்லறைக்கு விற்பார்கள். கூட்டம், ஈரம், சத்தம். செருப்பு வழுக்கும்; ரப்பர் செருப்பு போடாதீர்கள். போன வருடம் வாங்கியது வசந்தா என்கிற அக்காவிடம். மஞ்சள் குடைக்குக் கீழே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் இறாலைப் பார்த்தேன். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா, தலைக்கடியில் கறுத்திருக்கிறதா, ஓடு வழவழக்கிறதா. எல்லாம் சரி. இது கடல் இறால்தானா, குட்டையில் வளர்த்ததா என்று மூன்று விதமாகக் கேட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. கிலோ ஐந்நூற்றைம்பது என்றார், ஐந்நூற்று இருபதுக்கு முடிந்தது. அடுத்து நான் பையிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்து அவருடைய தராசில் வைத்தேன். எங்கே போனாலும் இது என்னோடு வரும். தராசு ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டு கிராம் குறைவாகக் காட்டியது.

வசந்தா அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உப்புப் பாக்கெட்டுல எடை சரியா இருக்கும்னு எப்படி சார் நம்புனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். அதை நான் சோதித்ததில்லை.

ஐந்து கிலோ நிறுத்தார். கூடையை நீட்டினேன். அவர் இறாலைக் கொட்டாமல் பக்கத்திலிருந்த ஐஸை அள்ளினார். "ஐஸ் வேண்டாங்க" என்றேன். கை அப்படியே நின்றது.

"அட, நீங்கதானா? போன வருசம் இதே கூடையோட வந்து ஐஸ் வேணாம்னு சண்ட போட்டீங்கள்ல?"

ஞாபகம் வைத்திருந்தார். சண்டை போடாமல் இருப்பேனா? ஐஸ் போடுவது எடையை ஏற்றத்தான். பழைய சரக்கைப் புதுசாகக் காட்டுவதற்கும் அதுதான். இது என் கட்சி. போன வருடம் இறாலின் மேல் ஒட்டியிருந்த ஐஸைக்கூடத் தட்டிவிட்டு, மறுபடி நிறுக்கச் சொல்லித்தான் வாங்கினேன்.

"நாங்க எடை போட்டுட்டுத்தான் சார் ஐஸ் போடுவோம். இந்தா, உங்க கண்ணு முன்னாடிதானே நிறுத்தேன்? ஐஸுக்குக் காசு கேட்டேனா?"

"அப்புறம் எதுக்கு இவ்வளவு கட்டாயப்படுத்துறீங்க?"

"இறால் கெடாம இருக்க சார்! எந்த ஊருக்குப் போவுது இது?"

"தஞ்சாவூர்."

"போன வருசம் எத்தன மணிக்கு வீடு போய்ச் சேந்தீங்க?"

நான் கணக்கு வாத்தியார். கேட்டால் சொல்லிவிடுவேன். 7.40-க்கு வாங்கினேன். எட்டரைக்கு வேளாங்கண்ணி. கூடையை மெழுகுவர்த்திக் கடை ஆணியில் மாட்டிவிட்டு ஒன்பது மணிப் பூசை பார்த்தேன். வெளியே வந்து டிபன். 11.10-க்குப் பேருந்து. வீட்டுக்கு 2.15. ஆறு மணி முப்பத்தைந்து நிமிடம். சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசி எண்ணைச் சொல்லும்போது நிறுத்திவிட்டேன். ஜன்னலோரம் வெயில் அடித்ததும், கூடையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்து முன் இருக்கைக்காரர் காலைத் தூக்கிக்கொண்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தன.

வசந்தா அக்கா என்னைப் பார்த்த அதே பார்வையால் நான் தேர்வு அறையில் நூறு பையன்களைப் பார்த்திருக்கிறேன். "ஆறரை மணி நேரம். ஐஸ் இல்லாம. ஆணியில மாட்டி வச்சி. யாருக்கும் ஒண்ணும் ஆவலியா?"

"பதினோரு பேருக்கு."

"வயித்தோட போச்சேன்னு மாதாவுக்கு இன்னொரு மெழுகுவர்த்தி ஏத்துங்க. கெட்ட இறால அர நாள் வேக வச்சாலும் கெட்டதுதான் சார்."

நடத்துநரைச் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்பட்டேன், ஐஸைச் சந்தேகப்பட்டேன், மெர்லினைச் சந்தேகப்பட்டேன். அன்று காலையிலிருந்து மாலைவரை அந்த இறாலோடு இருந்த ஒரே ஆளை விட்டுவிட்டேன். அந்த மஞ்சள் குடைக்கடியில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

ஐஸ் இல்லாமல் இறால் தரமாட்டேன் என்று அவர் கூடையைத் திருப்பித் தந்துவிட்டார். பக்கத்தில் தெர்மாகோல் பெட்டி அறுபது ரூபாய்க்கு விற்கிறது. அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் இறால், மறுபடி தாள், மறுபடி ஐஸ். தண்ணீர் வடிய மூலையில் ஆணியால் ஒரு ஓட்டை. மூடியைச் சுற்றி டேப். எல்லாம் அவரே செய்து கொடுத்தார். டேப் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன், பழக்க தோஷம். "எண்ணிக்கங்க சார்" என்றார்.

8.20-க்கு நாகையிலிருந்து பேருந்து. வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. தெற்குப் பக்கம் பார்த்து மனதுக்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாக இருந்தது. அடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆளிடம் அது அவ்வளவு சுலபமாக இருக்காது. டிக்கெட்டைத் தஞ்சாவூருக்கு எடுக்கவில்லை, திருவாரூருக்கு எடுத்தேன். இருபத்திரண்டு ரூபாய். பெட்டிக்கு லக்கேஜ் பத்து ரூபாய்.

9.05-க்குத் திருவாரூர். தம்பி வீடு பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. வாசல் அறையில் மெர்லின் தையல் கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "வாங்க அத்தான்" என்றாளே தவிர முகத்தில் அந்த வாங்க இல்லை.

"அவரு வெளிய போயிருக்காரே. என்ன விஷயம்?"

"உன்னத்தான் பாக்க வந்தேன்மா."

அவள் கண் பெட்டிக்குப் போனது. நான் பெட்டிக்குள் வெடிகுண்டு கொண்டுவந்ததுபோல ஓர் அடி தள்ளி நின்றாள். டேப்பைப் பிய்த்துத் திறந்தேன். அவள் உடனே கிட்ட வரவில்லை. பிறகு வந்து ஒரு இறாலை எடுத்தாள். தலையை லேசாகத் திருகிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். வேறொன்றை அடியிலிருந்து எடுத்தாள். மேலே நல்லதை வைத்து அடியில் மட்டத்தை வைத்திருப்பேனோ என்று பார்க்கிறாள்! என்னிடமே! ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"நல்ல இறால்" என்றாள். "போன வருஷம் இப்படி இல்ல."

"தெரியும்மா. ஐஸ் போடாம வெயில்ல தூக்கிட்டு அலைஞ்சேன். தப்பு என்னுது. உன் சமையல்ல இல்ல."

"எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலைலதான்."

"எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தான்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே."

சொன்னாள். இதை நான் மேலே எழுதவில்லை. எழுதக்கூடாது என்றில்லை, மறந்தேபோயிருந்தது. போன வருடம் அன்று மாலை சமையலறையில் கூடையைப் பிரித்ததும், "அத்தான், கொஞ்சம் வாடை அடிக்குதே" என்றாள். "கடல் இறால்னா கடல் வாடைதான் அடிக்கும், உனக்கு சிங்கப்பூர் ஐஸ் இறால் பழக்கம்" என்றேன் நான். மூத்தவன் வாங்கி வந்ததைத் தூக்கிப் போடு என்று அவள் எப்படிச் சொல்வாள்? வேகவைத்தாள். பழியையும் வாங்கிக்கொண்டாள்.

"தப்புத்தாம்மா. மன்னிச்சுக்க. ராத்திரி ரெண்டு பேரும் சாப்பாட்டுக்கு இருக்கணும்."

மெர்லின் பெட்டியை மூடினாள். உள்ளே போய்த் தன் ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் கட்டியையும் கொண்டுவந்து மேலே கொட்டினாள். பிறகு டேப்பை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட தனியா வந்து சொல்றீங்க. அன்னிக்கு எல்லாரு முன்னாடியும்ல சொன்னீங்க."

பத்து மணிப் பேருந்தைப் பிடித்தேன். தஞ்சைக்கு ஐம்பத்திரண்டு ரூபாய். வழி முழுக்கச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, பேருந்து ஊர்ந்தது, நான் நடத்துநரிடம் மீதியைக்கூடக் கேட்கவில்லை. அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

மாலையில் பூசைக்குத் தம்பி குடும்பம் வந்தது. முடிந்ததும் கோயில் வாசலிலேயே விடைபெறப் பார்த்தார்கள். "வீடு வரைக்கும் வாங்க, அப்பறம் உங்க இஷ்டம்" என்று அழைத்துவந்தேன். இருபத்திரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தபின் எழுந்து நின்று சொன்னேன். ஐஸ் வேண்டாம் என்று சண்டை போட்டது, ஆணியில் மாட்டியது, ஆறு மணி முப்பத்தைந்து நிமிடம், மெர்லின் வாடை அடிக்கிறது என்று எச்சரித்தது, எல்லாவற்றையும். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் தினமும் பேசுகிறவன், இருபத்தொரு பேர் முன்னால் இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினேன். அக்கா ஜெசிந்தா, "அடப்பாவி, மாதா கோயில்ல வச்சா எனக்கு வெஷம் வச்ச?" என்று கத்தினாள். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

மெர்லின் சிரிக்கவில்லை. எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அது போதும் எனக்கு.

செய்முறை கேட்பீர்கள். இறாலைத் தலை, ஓடு, வாலோடு கழுவி, மீசையை மட்டும் கத்தரித்து, முதுகில் இரண்டாவது கணுவில் பல்குச்சியால் குத்திக் கறுப்புக் குடலை உருவிவிட வேண்டும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், கைநிறைய உப்பு, நசுக்கிய இஞ்சி, எலுமிச்சைப் புல் இரண்டு தாள். தளதளவென்று கொதிக்கும்போது இறாலைப் போட்டு, சிவந்து சுருண்டதும் எடுத்து ஐஸ் தண்ணீரில் கொட்டவேண்டும். நாலு நிமிடத்துக்கு மேல் போனால் ரப்பர். பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லித் தண்டு, உப்பு, சீனி இவற்றை இடித்து எலுமிச்சை பிழிந்தால் தொட்டுக்கொள்ளும் சாறு. மசாலா எல்லாவற்றையும் மூடிவிடும். இதில் ஒளிய இடமில்லை. என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகள் நம்பிச் சாப்பிடவேண்டிய பண்டம் இதுதான்.

முதல் தட்டு என் முன்னால் வந்தது. மெர்லின்தான் வைத்தாள். "மொதல்ல நீங்க சாப்பிடுங்க அத்தான்." இருபத்தொரு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க ஓர் இறாலை உரித்து, தொட்டு, தின்றேன். தித்தித்தது. "அர மணி நேரம் கழிச்சு நாங்க சாப்பிடுறோம்ணே" என்றான் தம்பி. ஆனால் அவன்தான் முதலில் கையை நீட்டினான். மெர்லினும் கடைசியாக உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு வருடம் கழித்துக் குடித்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழுக்குள் துறைமுகத்தில் இருங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் போகாதீர்கள், அப்போது கிடைப்பது எங்கிருந்து வந்தது என்று நானே கேட்பேன். பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அறுபது ரூபாய் மிச்சம். தஞ்சை வரை தாங்க, இறாலுக்குச் சமமாக ஐஸ் வேண்டும். வேளாங்கண்ணிக்குப் போவதானால் முதல் நாளே போய்விட்டு வாருங்கள், மாதா கோபித்துக்கொள்ளமாட்டார். உப்புப் பாக்கெட்டைக் கொண்டுபோகலாம், ஆனால் அதையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நான் நிறுத்துவிட்டேன். பன்னிரண்டு கிராம் குறைகிறது.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மெர்லின் சொன்னாள்: "அடுத்த வருஷம் நாகைக்கு நானும் வர்றேன் அத்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் துணைக்காம்மா?"

"இறாலுக்கு" என்றாள்.